விமானிப் பயிற்சியும் நம்மவர் கைப்பொருளும்



கல்வியின் பெருமையைக் குறித்துப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்திருந்தார். காலை முதல் இம்மேடையில் பேசியோர் அனைவரும் அதனை நம்மினும் நன்றாகப் பேசிவிட்டனர். ஆதலின் நாம் கல்வியின் பெருமையை விடுத்துக் கல்விக்கு ஆகும் செலவைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அதிலும் எல்லாக் கல்வியையும் எடுத்துக்கொள்ளாமல், நம் நாட்டில் மிகுந்த செலவுடைய கல்விகளுள் ஒன்றை, அதனைக் காலந்தாழ்ந்து நாடுவோர் நிலையை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். பயணிகள் விமானத்தை ஓட்டும் பயிற்சியே அது.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்க உறுப்பினர் ஒருவர், வயது முப்பத்து மூன்று, அரசுத் துறை ஒன்றில் பொறியாளர், மணமானவர், ஒரு பெண்குழந்தைக்குத் தந்தை, சென்ற ஆண்டு செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தாம் விமானி ஆக விரும்புவதாகவும், வங்கி கேட்கும் பிணை தம்மிடம் இல்லையென்றும், வெள்ளிவிழா நிதியிலிருந்து கடன் தர இயலுமா என்றும் கேட்டிருந்தார். குழுவில் சிலர் சிரித்தனர். ‘இந்த வயதில் இது என்ன ஆசை’ என்றார் ஒருவர். மற்றொருவர் சிரிக்கவில்லை. ‘அவர் ஒருவர் பறப்பதற்கு ஆகும் பணத்தில் நாம் எத்தனை பெண்பிள்ளைகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்’ என்றார். முதற்கூற்று அறியாமையால் வந்தது. இரண்டாவது கூற்று நியாயமானது. அதற்கு விடை காணாமல் அவ்விண்ணப்பத்தை ஏற்பதும் தவறு, தள்ளுவதும் தவறு என்று நாம் கருதினோம். குழுவினர் நம்மையே விசாரித்து அறிந்து சொல்லுமாறு கேட்டனர். நாம் அறிந்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

‘இந்த வயதில்’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வயதில் விமானப் பயிற்சிக்குச் சேர்பவன் யார்? தந்தைக்குச் சொந்த வீடும், வங்கியில் வைப்புத்தொகையும், பயிற்சிப் பள்ளியைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த உறவினரும் உடையவன். நம் பிள்ளைகளுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாக மாத ஊதியம் வாங்குபவர்கள். அந்த ஊதியத்தில் தமக்கையின் திருமணக் கடன் அடைய வேண்டும், தம்பியின் கல்லூரிக் கட்டணம் போக வேண்டும், தாயாரின் மருத்துவச் செலவு நடைபெற வேண்டும். இவையெல்லாம் ஓரளவு தீர்ந்து, ‘எனக்கென்று ஒன்றைச் செய்யலாமா’ என்று ஒருவன் நினைக்கும்போது அவனுக்கு முப்பதோ முப்பத்தைந்தோ ஆகிவிடுகின்றது. ஆகவே காலந்தாழ்ந்து வருவது அவன் குணக்குறை அன்று. குடும்பக் கணக்கின் விளைவு.

விதி என்ன சொல்கின்றது? மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்த அளவு வயது பதினெட்டு. பயணிகள் விமானத்தை இருவர் சேர்ந்து ஓட்டும் பணியில் 65 வயது வரை இருக்கலாம். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே முப்பத்து மூன்று என்பது அப்படியொன்றும் பிந்திய வயதன்று. ஆயினும், சில விமான நிறுவனங்கள் தம் சொந்தப் பயிற்சித் திட்டங்களுக்குத் தாமே வயது வரம்பு வைத்துக்கொள்கின்றன. அத்திட்டங்களை நாடுவோர் விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அந்த வரியைத் தேடிப் படித்தல் வேண்டும். விதியில் வயது தடையில்லை. தடையாக இருப்பது பொருள்தான்.

இங்கே வரலாற்றிலிருந்து இரு செய்திகளைச் சொல்ல விரும்புகின்றோம். நாம் இளங்கலையில் பயின்றது வரலாறு. அதனால் இவ்வாசை நம்மை விடுவதில்லை.

1920ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் முடிதிருத்தும் நிலையமொன்றில் ஆடவர்க்கு நகம் திருத்தும் தொழில் செய்துவந்த கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். பெயர் பெஸ்ஸி கோல்மன். 1892இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பருத்தி பறித்து வளர்ந்தவர். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது வயது இருபத்தெட்டை நெருங்கிவிட்டது. கறுப்பர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்காவில் அவரைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சிப் பள்ளி இல்லை. ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்னும் கறுப்பர் செய்தித்தாளின் அதிபர் ராபர்ட் அபட் என்பவர், பிரான்சுக்குச் சென்று கற்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அவர் பிரெஞ்சு மொழி படித்தார். நகம் திருத்தும் தொழிலோடு ஓர் உணவுக்கடையின் மேலாளர் வேலையும் பார்த்துப் பணம் சேர்த்தார். குறைந்ததை அபட் அவர்களும், ஜெஸ்ஸி பிங்கா என்ற கறுப்பின வங்கியாளரும் கொடுத்து உதவினர். 1920 நவம்பரில் கப்பலேறி, 1921 ஜூன் 15ஆம் நாள் அனைத்துலக விமானி உரிமத்தைப் பெற்றார்.

அதே 1920ஆம் ஆண்டில் நம் நாட்டிலிருந்து மற்றொருவர் கப்பலேறினார். பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர்தாம் அவர். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் பேராசிரியராக இருந்து, குடும்பச் செலவைக் குறுக்கிப் பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பரிடம் 5,000 ரூபாய் கடன் பெற்றார். அப்போது அண்ணலுக்கு வயது இருபத்தொன்பது. மணமாகி, மக்களைப் பெற்றவர். கையில் நிலையான வேலை இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் அவர் மீண்டும் மாணவரானார். 1923இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் அவருக்குக் கிடைத்தது.

ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் பணம் திரட்டிய முறை ஒன்றுபோலவே இருப்பதை நோக்குக. முதலில் தம் உழைப்பில் சேர்த்த பணம். பிறகு மற்றவர் உதவி. அண்ணலுக்கு அதற்கும் மேல் கடன் தேவைப்பட்டது. கடனை முதலில் வைத்துக்கொண்டு அவர் புறப்படவில்லை. இந்த வரிசையைத்தான் விமானப் பயிற்சிக்கும் நாம் கடைப்பிடித்தல் வேண்டும்.

இனிச் செலவுக்கு வருவோம். உரிமம் பெறுவதற்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே தலைமை விமானியாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பறப்புக்கு எரிபொருள், விமான வாடகை, ஆசிரியர் ஊதியம் என்று செலவாவதால் மொத்தத் தொகை நாற்பது இலட்சத்துக்கும் மேலாகவே வருகின்றது. பள்ளிக்குப் பள்ளி இது வேறுபடும். அத்தோடு முடிவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற பெரிய விமானம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ‘வகைத் தகுதி’ பெற வேண்டும். தரையிலேயே இருக்கும் சிமுலேட்டர் என்னும் பாவனைக் கூண்டில் பெறும் இப்பயிற்சிக்கு மேலும் பல இலட்சங்கள் தேவை. பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தில் முதல் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது தொகை பெரும்பாலும் இராது. நம் விண்ணப்பதாரரும் முதலில் அதைச் சேர்க்காமலே கணக்கிட்டிருந்தார்.

இத்தனை இலட்சங்களைக் கேட்டதும் கை நடுங்குவது இயல்பு. ஆனால் இச்செலவுக்குள் ஒரு வரிசை மறைந்திருக்கின்றது. இப்பாதையில் மனிதரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடிய சோதனைகளுள் முதலிரண்டும் மிகக் குறைந்த செலவுடையவை.

ஒன்று மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்புச் சோதனை என்றும் முதல் வகுப்புச் சோதனை என்றும் இரண்டு உண்டு. இரண்டாவதை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடமும், முதலாவதைப் பெங்களூரில் உள்ள விமானப்படையின் மருத்துவ நிலையம் போன்ற குறிப்பிட்ட இடங்களிலும் செய்துகொள்ள வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலில் குறையுள்ளவர் இங்கேயே நின்றுவிட நேரும். முப்பதைக் கடந்தவர்க்கு இச்சோதனையின் அருமை இன்னும் அதிகம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவ்வயதில்தானே தலைகாட்டுகின்றன. உரிமம் பெற்ற பின்னும் குறித்த காலத்திற்கொருமுறை இச்சோதனையில் தேற வேண்டும். எனவே முதல் வகுப்பு மருத்துவச் சான்று கைக்கு வருமுன் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பள்ளிக்காரர் ‘இப்போது கட்டினால் கட்டணச் சலுகை’ என்பார். சலுகை போனால் போகட்டும்.

மற்றொன்று எழுத்துத் தேர்வு. வான்வழி செலுத்துகை, வானிலை இயல், விமானப் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் இயக்குநரகம் தேர்வு நடத்துகின்றது. நூற்றுக்கு எழுபது பெற வேண்டும். இவற்றை வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், எழுதலாம். ஊதியம் நிற்காது, வீட்டில் அடுப்பு அணையாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2025இல் இதனைத் தளர்த்துவது பற்றிய பேச்சு எழுந்தது. ஆதலின் அவ்விரு பாடங்கள் இல்லாதவர் அன்றைய விதியை இயக்குநரகத்திடமே கேட்டறிக. தேவைப்படின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக அவற்றை எழுதிக்கொள்ளலாம். அதற்கும் வயது தடையில்லை. தேர்வில் தேறியதற்கும் ஒரு காலவரம்பு உண்டு என்பதை மட்டும் மறவாதீர்கள். எழுதிவிட்டுப் பத்தாண்டு காத்திருக்க முடியாது.

இவ்விரண்டையும் தாண்டுவதற்கு ஆகும் செலவு இலட்சங்களில் இல்லை, ஆயிரங்களில் அடங்கும். தாண்ட இயலாதவர் இழப்பது சில ஆயிரமும் சில மாதத் தூக்கமும்தான். வேலை போகாது, வீடு போகாது. பறக்கும் செலவு இதன்பின் வருவது. நாம் கேள்விப்பட்ட துன்பக்கதைகளில் பெரும்பாலானவை இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களுடையவை.

அடுத்து, பெருந்தொகை எங்கிருந்து வரும்? மூன்று கதவுகளைத் தட்டிப் பார்த்தோம்.

முதற்கதவு உதவித்தொகை. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மத்திய அரசு வழங்கும் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அத்திட்டத்தில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் முதற்பிரிவுப் படிப்புகளோடு சேர்க்கப்பட்டிருக்கின்றது. இச்செய்தியை நம் மாணவர் பலர் அறியார். கேரளத்தில் பட்டியல் வகுப்பு இளைஞர் சிலரின் விமானப் பயிற்சிச் செலவை மாநில அரசே ஏற்றிருக்கின்றது. இங்கே அமர்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இக்கதவைக் கட்டாயம் தட்ட வேண்டும். ஆனால், உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் விண்ணப்பதாரர் அதைக் கடந்துவிட்டார். பதினெட்டு வயதில் இதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஆளில்லை. முப்பத்து மூன்றில் ஊதியம் குறுக்கே நிற்கின்றது. ஊதியச் சீட்டில் காணும் தொகையைத்தான் விதி பார்க்கும். அந்த ஊதியம் எத்தனை பேருக்குப் பங்காகின்றது என்பதைக் கேட்கும் கட்டம் அப்படிவத்தில் இல்லை.

இரண்டாம் கதவு தாட்கோ. 1974இல் நிறுவப்பட்ட அக்கழகமும், 1989இல் மத்திய அரசு ஏற்படுத்திய பட்டியல் வகுப்பினர் நிதி வளர்ச்சிக் கழகமும் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. கல்விக் கடனும் அவற்றுள் அடங்கும். இங்கும் வருமான வரம்பு உண்டு. வரம்புக்கு உட்பட்டவர்கள் வங்கிக்குப் போகுமுன் மாவட்டத் தாட்கோ அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதே நம் கருத்து. ஒருமுறை போய்த் திரும்பிவிடாமல் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் விடை கேளுங்கள்.

மூன்றாம் கதவு வங்கி. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், இயக்குநரகம் அங்கீகரித்த விமானிப் பயிற்சி இடம்பெற்றிருக்கின்றது. கடன் பெறும் மாணவர்க்கு அத்திட்டத்தில் உச்ச வயது இல்லை. கிளை மேலாளர் ஒருவர் ‘உங்கள் வயதுக்குக் கல்விக் கடன் இல்லை’ என்று சொன்னால், அத்திட்டத்தின் அச்சுப்படியைப் பணிவோடு அவர்முன் வையுங்கள். ஆனால் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பார்கள். நம்மவர் பெரும்பாலோர் இவ்விடத்தில்தான் நின்றுவிடுகின்றனர்.

ஏனெனில் நம்மிடம் உள்ள சொத்து எத்தகையது? 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் வறுமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 முதல் நம் முன்னோர்க்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அது பிறர் கைக்குப் போய்விடாதபடி விற்பதற்கும் அடமானம் வைப்பதற்கும் நிபந்தனை விதித்தனர். அதுவே நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது. நிபந்தனை இருந்தும் அந்நிலத்தில் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போய்விட்டது, அது தனிக்கதை. எஞ்சிய நிலத்தை வங்கிக்குக் கொண்டுபோனால், அதே நிபந்தனையைக் காட்டிப் ‘பிணையாக ஏற்க இயலாது’ என்கின்றனர். அரசு வழங்கிய வீட்டுமனை ஒப்படைப் பட்டாவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அடுத்த தெருக்காரரின் மகனும் நம் பிள்ளையும் ஒரே மதிப்பெண், ஒரே ஊதியம் பெற்றிருந்தாலும், வங்கி மேசையில் அவனிடம் கிரயப் பத்திரம் இருக்கின்றது, இவனிடம் நிபந்தனைப் பட்டா இருக்கின்றது. மேலாளர் கெட்டவர் அல்லர். அவருடைய படிவம் நூற்றுமுப்பது ஆண்டு வரலாற்றை அறியாது.

ஆதலின் பிணைக்குக் கிரயப் பத்திரமுள்ள உறவினர், வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், ஊதியம் பெறும் மனைவி உடன்கடனாளியாதல் ஆகிய வழிகளைத்தான் தேட வேண்டியிருக்கின்றது. பெற்றோர் குடியிருக்கும் ஒரே வீட்டை வைக்காதீர்கள். கந்துவட்டிக்காரரிடம் போவதைவிட விமானத்தைத் தரையிலிருந்து பார்த்து மகிழ்வது நன்று.

கடன் கிடைத்தது என்றே கொள்வோம். நாற்பது இலட்சம், வட்டி நூற்றுக்குப் பதினொன்று, பத்தாண்டில் அடைப்பது என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபாய். பயிற்சிக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. முழுத்தொகையையும் முதல் நாளே வாங்கிவிட்டால் ஆண்டுக்கு 4,40,000 ரூபாய் வட்டி. மூன்றாண்டு கட்டாமல் விட்டால் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல் கடனோடு சேர்ந்து, மாதத் தவணை 73,000 ரூபாயைத் தாண்டும். அதே வட்டியைப் பயிற்சிக் காலத்திலேயே கட்டிவந்தால் தவணை 55,000 ரூபாய் அளவிலேயே நிற்கும். கடன் தொகையையும் மொத்தமாக வாங்காமல், பறந்த மணிக்கு ஏற்பத் தவணை தவணையாக வாங்கினால் வட்டி இன்னும் குறையும். அத்துடன் வேறொரு காப்பும் கிடைக்கும். பயிற்சிப் பள்ளிகள் மூடப்படுவதும், விமானமும் ஆசிரியரும் போதாமல் ஓராண்டுப் பயிற்சி மூன்றாண்டாக இழுபடுவதும் உண்டு. முழுக் கட்டணத்தை முன்னதாகக் கட்டியவரே அப்போது அழுகின்றார். 2025 முதல் இயக்குநரகம் பயிற்சிப் பள்ளிகளைத் தரம்பிரித்து வெளியிடத் தொடங்கியிருக்கின்றது. அதைப் பாருங்கள், அதற்குமேல் அப்பள்ளிக்கே நேரில் சென்று, பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

உரிமம் கிடைத்தவுடன் வேலை கிடைக்கும் என்பதும் உறுதியன்று. 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் ஆகியவை பறப்பதை நிறுத்தின. இடையே 2020இல் பெருந்தொற்று. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் பலர் வேலை தேடி வெளியே வந்தனர். புதிதாக உரிமம் பெற்றவர் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தது. இருபத்திரண்டு வயதினன் ஈராண்டு காத்திருக்கலாம். குழந்தையின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர் எப்படிக் காத்திருப்பார்? எனவே பயிற்சிக் கட்டணத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது; உரிமம் பெற்ற பின் ஓராண்டுக் குடும்பச் செலவையும் தனியே எடுத்துவைத்தல் வேண்டும். அரசுப் பணியில் இருப்போர் பணித்துறப்புக் கடிதம் எழுதுமுன், ஊதியமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று மேலிடத்தை எழுத்தில் கேட்பது நன்று.

விண்ணப்பதாரருக்கு நாம் போட்டுக்கொடுத்த கணக்கு இது. முப்பத்து நான்கரை வயது வரை வேலையில் இருந்தபடி மருத்துவச் சான்றும் எழுத்துத் தேர்வும். அக்காலத்திலேயே மாதந்தோறும் சேமிப்பு. பிறகு ஈராண்டுப் பறப்பு. அதன்பின் காத்திருப்பும் வகைத் தகுதியும். முப்பத்தெட்டில் துணை விமானியாகச் சேர்ந்தால் நாற்பத்தெட்டில் கடன் தீரும். அதற்குப்பின் 65 வரை பதினேழு ஆண்டு. உடல்நலம் ஒத்துழைத்து, வேலையும் கிடைத்தால் கணக்கு நிற்கின்றது. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் குடும்பம் தெருவுக்கு வராதபடி செய்துகொண்டு இறங்க வேண்டும் என்றோம். அவர் மனைவியாரையும் அழைத்து வைத்துத்தான் இதைச் சொன்னோம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடப்போகும் அவ்வம்மையார் கேட்ட கேள்விகள், செயற்குழுவில் எவரும் கேட்டவற்றைவிடக் கூர்மையாக இருந்தன.

இப்போது செவிலியர் படிப்பைப் பற்றிய நியாயமான கேள்விக்கு வருவோம். வெள்ளிவிழா நிதி, விடுதிப் பிள்ளைகளுக்காகவும் அத்தகைய படிப்புகளுக்காகவும் திரட்டப்பட்டது. அதிலிருந்து ஒருவர்க்கு நாற்பது இலட்சம் தருவதை நாம் ஆதரிக்கவில்லை. விடுதிக் கட்டடத்தை வங்கியில் பிணையாக வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதையும் நாம் ஒப்பவில்லை. ஒரு பயிற்சிப் பள்ளி மூடப்பட்டால் அறுபது பிள்ளைகளின் கூரை போய்விடும்.

ஆனால் ‘முடியாது’ என்று எழுதி அனுப்பிவிடுவதற்கும் நமக்கு மனமில்லை. 1932இல் ஜேம்ஸ் பேனிங், தாமஸ் ஆலன் என்ற இரு கறுப்பின விமானிகள் பழைய விமானமொன்றில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து நியூயார்க் வரை பறக்கப் புறப்பட்டனர். கையில் பணம் இல்லை. இறங்கிய ஊர்தோறும் எரிபொருளுக்கும் உணவுக்கும் கொடுத்து உதவியவர்களின் பெயர்களை விமானத்தின் இறக்கையில் எழுதிக்கொண்டே சென்று, இருபத்தொரு நாளில் போய்ச் சேர்ந்தனர். ஒரு செல்வர் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. ஒவ்வோர் ஊரார் அடுத்த ஊர்வரைக்கும் வேண்டியதைக் கொடுத்தனர்.

அம்முறையில் செயற்குழுவிற்கு இரண்டு முன்மொழிவுகள் வைத்திருக்கின்றோம். மருத்துவச் சோதனைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் உரிய கட்டணத்தையும் நூல்களையும், ஆண்டுக்கு ஐவர் வரை, வயது பாராமல், தேறினாலும் தேறாவிட்டாலும் திருப்பிக் கேட்காத உதவியாகச் சங்கம் தரலாம். இதனால் எந்தப் பெண்ணின் செவிலியர் படிப்பும் நிற்காது. இரண்டும் தேறி, வங்கிக் கடனும் பெற்றவர்க்குப் பயிற்சிக் காலத்து வட்டியை மட்டும் வட்டியில்லாக் கடனாகத் தரலாம். இதற்கு விழா நிதியைத் தொடாமல் தனிக் கணக்கு வேண்டும். நூற்றிருபது உறுப்பினர் மாதம் 300 ரூபாய் போட்டால் 36,000 ரூபாய் சேரும். மேலே சொன்ன ஆண்டு வட்டி ஏறக்குறைய அதில் அடங்கிவிடும். வேலை கிடைத்தபின் அவர் திருப்பித் தருவது அடுத்தவர்க்குப் போகும். வேலை கிடைக்காமலே போனால் அப்பணம் திரும்பாது என்பதையும் இப்போதே அறிந்து போடுங்கள். நாம் நம் பெயரை முதலில் எழுதியிருக்கின்றோம். இதுவரை நாற்பத்தொருவர் எழுதியுள்ளனர்.

விண்ணப்பதாரர் இவ்வரங்கில்தான் இருக்கின்றார். பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேறிவிட்டார். முதல் வகுப்புச் சோதனை இன்னும் இருக்கின்றது. வானிலைத் தாளில் தேர்ச்சி. வான்வழி செலுத்துகைத் தாளில் முதல் முறை அறுபத்து நான்கு மதிப்பெண்தான் கிடைத்தது. மீண்டும் எழுதப் போகின்றார்.

அத்தாளில் வரும் திசைக்கோணக் கணக்குகளும் காற்று முக்கோணக் கணக்குகளும் மேல்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு எட்டாதவை அல்ல. நம் பள்ளிக் கணித ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் அவற்றைக் கற்பிக்க ஒப்புக்கொண்டுள்ளனர். கட்டணம் இல்லை. நம் நாட்டு விமானிகளில் பெண்களின் விழுக்காடு உலகச் சராசரியைவிட மிக அதிகமாதலின், தங்கையரும் தயங்காமல் வரலாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலொன்றைச் செயலாளரிடம் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மணமானவர்கள் முதல் வகுப்புக்கு இல்லத்தாரையும் உடன் அழைத்து வருக; அன்று பாடத்துக்கு முன் கடன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம்.